கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பந்து

ஆரணியில் நைனார் என்று பட்டம் போட்டுக்கொள்ளும் எங்கள் சமண ஜனம் ஒரு காலத்தில் புட்பால் ஆடியது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நைனார் வீட்டுப் பிள்ளைகள் எறும்பு நசுங்குமே என்று குனிந்து பார்த்து நடக்கிறவர்கள், அவர்கள் எங்கே பந்தை உதைத்தார்கள் என்று சிரிக்கிறார்கள். உதைத்தார்கள். நன்றாகவே உதைத்தார்கள். எல்லோரையும்விட நன்றாக உதைத்தவன் என் அண்ணன் மல்லிநாதன். உதைத்ததற்கு அவன் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டான் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு வாய் நீளம், ஊரே சொல்லும். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு வாய் இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

கிளப்புக்கு நேமிநாதர் புட்பால் கிளப் என்று பெயர். ஊர் வைத்த பெயர் பூச்சி டீம். எங்கள் தீர்த்தங்கரர் நேமிநாதர் கோயில் இருக்கிற திருமலை பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆரணிக்குப் படிக்க வந்த எங்கள் சமணப் பிள்ளைகள் ஒரே விடுதியில் தங்கினார்கள், வெங்காயமும் கிழங்கும் இல்லாத சாப்பாடு வேறெங்கும் கிடைக்காது என்பதால். சாயங்காலத்தில் சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்த ஆட்டம். ஆனால் அவர்கள் ஆடுகிற லட்சணமே தனி. ஆட்டத்துக்கு முன் இரண்டு பேர் மெத்தென்ற துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இருக்கும் எறும்பையெல்லாம் ஓரம் கட்டுவார்கள். மழைக்காலத்தில் புல்லுக்குள் பூச்சி இருக்கும் என்று ஆட்டமே கிடையாது. பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது, அதனால் ஆட்டம் முடிந்த மறுகணம் பிள்ளைகள் வேர்வையோடு சாப்பாட்டுக்கு ஓடுவார்கள். எதிர் டீம்காரர்கள் "டேய், எறும்பு ஆஃப்சைடுல நிக்குது, பாத்து ஒதைங்கடா" என்று கத்துவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. தோல் படக்கூடாது. மாட்டை உரித்து எடுத்தது அல்லவா? அதனால் பூட்ஸ் கிடையாது, வெறுங்கால்தான். தோல் பந்தும் கிடையாது. ஒரு ரப்பர் பந்தைக் கையோடு எடுத்துப்போய் அதில்தான் ஆடுவார்கள். எதிர் டீம் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும்.

சட்டம் போட்டவர் தரணேந்திர நைனார். கிளப்புக்கு அவர்தான் செக்ரட்டரி. ஊரில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் செக்ரட்டரி மாமா. பஜாரில் பெரிய பட்டுக்கடை வைத்திருந்தார். பட்டுப்புழுவைக் கூட்டோடு வெந்நீரில் போட்டுத்தான் பட்டு எடுக்கிறார்கள் என்பது ஆரணியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரு கல்யாணப் புடவைக்கு எத்தனை ஆயிரம் புழு வெந்தது என்று அவரை யாரும் கேட்டதில்லை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்?

கடைசி ஆட்டம் கோட்டை மைதானத்தில் நடந்தது. எனக்கு அப்போது தாவணி வயசு. பைனலில் எங்களுக்கு எதிராக பெரணமல்லூர் டீம். கோப்பை கிடக்கட்டும், அன்று ஓர் அதிகாரி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஓர் அரசாங்கத் துறையின் டீமுக்கு ஆள் எடுக்க வந்தவர். மல்லிண்ணாவைப் பார்க்கத்தான் வந்தார். எடுத்துவிட்டால் நிரந்தர வேலை. எங்கள் அப்பாவுக்கு இருந்தது கொஞ்சம் வேர்க்கடலை நிலம், அதுவும் பங்காளி வழக்கில் கிடந்தது. அந்த ஒரு ஆட்டத்தை நம்பி எங்கள் வீடே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

பெரணமல்லூர் கேப்டன் காத்தவராயன் காகிதம் சுற்றிய புதுப் பந்து ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பளபளவென்று இருந்தது. செக்ரட்டரி மாமா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். குனிந்தார். கை படாமல், ஒரு முழம் தள்ளி நின்று, மோந்து பார்த்தார்.

"தோலு!" என்றார். "பசங்களா, எல்லாரும் வெளிய வாங்க."

யாராவது ஒருத்தர் அந்தப் பந்தைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் தொட்டால்தான் தோலா இல்லையா என்று தெரியும், தோலாக இருந்தால் தொட்டதே பாவம். இந்த மாதிரி முடிச்சை எங்கள் ஜனத்தால் மட்டும்தான் போட முடியும். பத்துப் பேர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்கள். மல்லிண்ணா வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனார். அதைப் பார்த்தானோ என்னவோ, ரெஃப்ரி விசில் ஊதியதும் ஓடிவந்து, மைதானத்தின் நடுவிலிருந்தே வலது காலால் ஒரு உதை விட்டான். பெரணமல்லூர் கோல்கீப்பர் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பந்து அவன் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. ஒற்றை ஆளாக நின்று போட்ட கோல் கணக்கில் சேராது. ஆனாலும் மைதானம் முழுக்க விசிலடித்தது. அதிகாரி நேரே போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் கோட்டைச் சுவர்மேல் நின்று கத்தினேன்.

அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே செக்ரட்டரி மாமா கிளப்பை மூடிவிட்டார். "பாவம் பட்ட கிளப்பு நமக்கு வோணாம்" என்றார். தன் மகனுக்கு டீமில் இடம் கிடைக்காத ஆத்திரம் என்று நான் சொல்வேன், நிரூபிக்க முடியாது. கடையில் கல்யாணப் புடவை வைக்கிற கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, பெரணமல்லூர்க்காரர்களிடம் கேட்டு வைத்துக்கொண்ட அந்தப் பந்தைக் குச்சியால் தள்ளித் தள்ளி அதற்குள் உருட்டி, எங்கள் சமூக மண்டபத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். இதுதான் நம் பாவத்துக்குச் சாட்சி என்றார். கல்யாணமா, காதுகுத்தா, எதற்கு மண்டபத்துக்குப் போனாலும் அந்தப் பந்து எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதிகாரி சொன்னபடி வேலைக்குக் கூப்பிட்டார். மல்லிண்ணா போகவில்லை. "அங்க தோல் பந்து, தோல் பூட்ஸு. ஒரு வாட்டி பண்ண பாவம் போதும்" என்றான். அப்பா அடித்தார், அம்மா காலில் விழுந்தாள். அவனோ திருமலை ஏறிப் போய் நேமிநாத சுவாமி முன்னால் விரதம் எடுத்துக்கொண்டு வந்தான். ஆயுசுக்கும் காலில் செருப்பு போடுவதில்லை என்று. இந்தக் கால்தானே பண்ணியது, இது சுடட்டும் என்றான்.

சுட்டது. நன்றாகச் சுட்டது. செய்யாரில் கம்பெனிகள் வந்தபோது எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். மல்லிண்ணாவும் போனான். உள்ளே போக ஷூ போட வேண்டும் என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு கம்பெனியில் இரக்கப்பட்டு, காம்பவுண்டுக்கு வெளியே இருக்கிற செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் தார் ரோட்டின் ஓரமாக வெறுங்காலோடு ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு போவான். அப்புறம் சர்க்கரை வந்தது. காலில் முள் குத்தியது தெரியாமல் நடந்தான். புண் புரையோடி, வலது காலில் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் வேலூரில் எடுத்தார்கள். உதைத்த கால்.

பெண்ணும் யாரும் கொடுக்கவில்லை. நாங்கள் இருப்பதே கைப்பிடி ஜனம், எல்லோரும் எல்லோருக்கும் உறவு. "மாட்டுத்தோல ஒதைச்சவன்" என்று செக்ரட்டரி மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜாதகத்தை மூடி வைத்துவிடுவார்கள். விசேஷங்களில் பந்தியில் உட்கார்ந்தால் அவன் பக்கத்து இலை காலியாகவே இருக்கும். யாரும் போடா என்று சொல்ல மாட்டார்கள். அவ்வளவு கொடூரம் எங்களுக்கு வராது, நாங்கள் எறும்புக்கு வழி விடுகிறவர்கள். அந்த இலையில் மட்டும் உட்கார மாட்டார்கள்.

வருஷத்தில் ஒரு நாள் எங்களவர்கள் வீடு வீடாகப் போய் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம். ஒவ்வொரு வருஷமும் மல்லிண்ணா செக்ரட்டரி மாமா வீட்டு வாசலில் போய்க் கை கூப்பி நிற்பான். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "பாப்போம்டா" என்பார். அவ்வளவுதான். இவன் திரும்பி வந்து, "இந்த வருசம் கொஞ்சம் நல்லாத்தான் பேசனாரு" என்று என்னிடம் சொல்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி முப்பது வருஷம் ஓடிப்போயிற்று. போன மாதம் செக்ரட்டரி மாமாவுக்கு எண்பதாவது பிறந்தநாள் வந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அவர் பேரன் அக்ஷய், மண்டபத்தில் விழா வைக்கிறேன், அதோடு பழைய கிளப்பின் வரலாற்றையும் சேர்த்துக் கொண்டாடுகிறேன் என்று வீடு வீடாக வந்தான். எங்கள் வீட்டுக்கும் வந்தான்.

"மல்லி அங்கிள், தாத்தா உங்கள ஸ்டேஜ்ல கூப்ட்டு மன்னிக்கறேன்னு சொல்லிட்டாரு. நீங்க ரெண்டு வார்த்த ஸாரி சொல்லணும், அவர் சால்வ போடுவாரு. செம எமோஷனலா இருக்கும்" என்றான்.

நல்ல பையன்தான். சிரித்த முகம். மல்லிண்ணா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மறுநாளே போய் வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு வந்தான். கண்ணாடி முன்னால் நின்று கை கூப்பிப் பேசிப் பார்த்தான். அறியாமையால் நான் செய்த பிழையைச் சபையோர் பொறுக்க வேண்டும் என்று ஆரம்பம்.

"பொறுக்க வேண்டும்னு சொல்றதா, பொறுத்தருள வேண்டும்னு சொல்றதா சக்ரா?"

"எதையாவது சொல்லித் தொலை" என்றேன்.

"எதுக்கும் ரெண்டையும் சொல்லிடறேன்" என்றான். ஐம்பதைத் தாண்டிய ஆள், பள்ளிக்கூட விழாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி சட்டையை மடித்து மடித்து வைத்தான்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு பாலிசி விஷயமாக நான் பெரணமல்லூர் போனேன். போன வீட்டில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தவர் அன்றைய கேப்டன் காத்தவராயன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மல்லிநாதன் தங்கச்சியா நீ? அடேங்கப்பா, இன்னா ஒதை ஒதைப்பான் உங்கண்ணன்! அந்தப் பந்துக்காவ நான் வேலூரு பூரா நாய் மாதிரி சுத்துனேன் தெரியுமா?"

"எந்தப் பந்து?"

"அதாம்மா, கடசி மேட்ச்சு பந்து. ஆபீஸரு வராரு, ரப்பர் பந்துல ஆடுனா கேவலமா இருக்கும். உங்காளுங்களோ தோலு தொடமாட்டாங்க. அதான் தோலு மாதிரியே இருக்கற ரெக்சின்ல தேடிப் புட்ச்சி வாங்கினு வந்தேன். உங்க செக்ரட்டரி மோந்து பாத்துட்டு எல்லாரையும் இஸ்துகினு பூட்டாரு."

கையில் இருந்த பாலிசி பேப்பரைக் கீழே வைத்தேன். "அவர்கிட்ட நீங்க சொல்லலயா?"

"சொன்னேம்மா. அவரு பக்கத்துல போயி, தோலு இல்லிங்க, ரெக்சினுங்க, தொட்டுப் பாருங்கன்னேன். எதிராளி நீ அப்பிடித்தான் சொல்லுவன்னுட்டாரு. அப்பால வூட்டுக்குப் போயி நிதானமா பாத்துத் தெரிஞ்சிகினு இருப்பாங்கன்னு நானும் வுட்டுட்டேன். இன்னாம்மா, ஏம்மா அயுவுற?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமே இல்லை, பழி மட்டும் முப்பது வருஷம் குடியிருந்திருக்கிறது. அழுது முடித்ததும் எனக்கு ஒரு வெறி வந்தது. நேராக வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாலு சுவருக்குள் சொல்லி என்ன பிரயோஜனம்? ஊர் பார்க்க அவனைக் கழுவில் ஏற்றினார்கள். எங்கள் முன்னோரைக் கழுவில் ஏற்றிய கதை உண்டு, அதனால் எங்கள் ஜனத்தில் அந்த வார்த்தையை லேசில் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன், கழுவில்தான் ஏற்றினார்கள். இறக்குவதையும் ஊர் பார்க்கட்டும். செக்ரட்டரி மாமா முகம் கறுப்பதை நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காத்தவராயனை விழாவுக்குக் கட்டாயம் வரச் சொன்னேன். ஆரணி பஜாரில் இறங்கி ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். தோல் ஒரு துளி இல்லாத சுத்த ரெக்சின், கட்டைவிரல் வார் வைத்தது. வண்டி டிக்கியில் வைத்துப் பூட்டினேன். விஷயம் வெளிவந்ததும் என் கையாலேயே அவனுக்கு மாட்டிவிட வேண்டும் என்று ஆசை.

விழா நாலு மணிக்கு. பொழுது சாய்வதற்குள் பந்தி முடிய வேண்டும் என்பதால் எங்கள் விசேஷம் எதிலும் பேச்சு நீளாது. மேடையில் கண்ணாடிப் பெட்டிக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே பந்து காற்றுப் போய் ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்தது. பழைய போட்டோக்களைத் திறந்து வைக்க ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல். முன்வரிசை முழுக்கப் பட்டு வியாபாரிகள். மல்லிண்ணா வெள்ளைச் சட்டையில் ஓரமாக உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

செக்ரட்டரி மாமாவுக்கு எண்பதிலும் குரல் கணீர் என்று இருந்தது.

"நம்ம கிளப்புல பதினோரு பேரு. பத்து பேரு தர்மத்துல நின்னான். ஒருத்தன் மைதானத்துல நின்னான்" என்றார். சபை சிரித்தது. "பரவால்ல. இந்த வயசுல எதையும் சொமந்துகினு போவ வோணாம்னு பாக்கறேன். மல்லி, வாடா மேல."

மல்லிண்ணா நொண்டிக்கொண்டே படியேறினான். செக்ரட்டரி மாமா கையில் பட்டுச் சால்வை தயாராக இருந்தது. அண்ணன் கையைக் கூப்பினான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கோட்டை மைதானத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

"சபையோருக்கு வணக்கம். அறியாமையால் நான் செய்த பிழையை..."

"எந்தப் பிழை?" என்று கத்திக்கொண்டே மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன். "எங்கண்ணன் ஒரு பிழையும் பண்ணல. அது தோல் பந்தே இல்ல. வாங்கினு வந்தவரு தோ நிக்கறாரு, கேளுங்க!"

பின்னால் நின்ற காத்தவராயன் ஆமாங்க, ரெக்சினுங்க என்றார். மண்டபம் கசமுசா என்றது. மல்லிண்ணா கூப்பிய கையை இறக்காமல் என்னையே பார்த்தான்.

"சக்ரேஸ்வரி, ஒக்காரும்மா. பொழுது போவுது" என்றார் செக்ரட்டரி மாமா. "எதிர் டீமு ஆளு ஆயிரம் சொல்லுவான்."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பந்தை வெளியே எடுத்தேன். ஐயையோ, தொட்டுட்டா என்று ஒரு குரல் கேட்டது. ரிப்பன் கத்தரிக்கோலால் அதன் வயிற்றைக் கிழித்தேன். கிழிந்ததை உள்பக்கம் தெரியும்படி திருப்பி முன்வரிசைக்கு நேரே நீட்டினேன். பிறந்ததிலிருந்து துணியைத் தடவிப் பிழைக்கிறவர்கள், அவர்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டுமா? ஒருத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"துணிதான். காடாத்துணி. மேல ரெக்சின் பூசியிருக்கான்" என்றார். பக்கத்தில் இருந்தவரும் நூலை இழுத்துப் பார்த்து, "ஆமா, துணிதான்" என்றார்.

நான் செக்ரட்டரி மாமா முகத்தைப் பார்த்தேன். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே எல்லாம்! அவர் முகம் கறுக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

"அட பகவானே! அப்ப நம்ம கிளப்பு பாவமே பண்ணலடா! சுத்தமான கிளப்புடா நம்முளுது!"

கைதட்டல் எழும்பியது. மண்டபமே எழுந்து நின்று தட்டியது. அந்தப் பத்துப் பேரில் அங்கே இருந்த இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அப்போது பார்த்து மல்லிண்ணா என் கையிலிருந்து பந்தை வாங்கினான். கிழிந்த இடத்தில் மூக்கை வைத்து மோந்தான்.

"தோலுதான்" என்றான்.

"அண்ணா, துணி தெரியுது பாரு."

"துணி ஒட்டன தோலு. மாமா, நீங்க சொல்லுங்க. நீங்க மோந்து பாத்தீங்களே. தோலுன்னு நீங்கதானே சொன்னீங்க?" அவன் குரல் கெஞ்சியது. முப்பது வருஷமாக அவனைத் தின்ற மனிதரிடம், நீ தின்றது சரிதான் என்று சொல்லு என்று கெஞ்சினான்.

"அடப் போடா" என்று சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டினார். "அன்னிக்கு எனக்கு ஜலதோசம்டா. மூக்கே அடச்சிகினு கெடந்துச்சு. பந்துன்னா தோலுதானேன்னு சொல்லிட்டேன்."

சபை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நல்லவர்கள்தான் எல்லோரும். சிரிப்பு வந்தது, சிரித்தார்கள். "மல்லி, இனிமே செருப்பு வாங்கிப் போட்றா!" என்று யாரோ கத்தினார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு. அக்ஷய் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அங்கிள், அந்தப் பந்த கீழ போட்டு ஒரே ஒரு கிக். ப்ளீஸ். வீடியோ எங்கியோ போயிடும்."

மல்லிண்ணா அசையவில்லை. அவன் கண் செக்ரட்டரி மாமா கையில் இருந்த சால்வைமேலேயே இருந்தது. அவரும் அப்போதுதான் அது கையில் இருப்பதைக் கவனித்தார்.

"மன்னிக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு ஆயிப் போச்சே" என்று சொல்லிவிட்டு, "இந்தாப்பா, நம்ம தர்மத்தக் காப்பாத்துன மகராசன் நீதான்" என்று காத்தவராயனை மேலே கூப்பிட்டு அவர் தோளில் சால்வையைப் போட்டார். அந்த மனுஷன் ஒன்றும் புரியாமல் நெளிந்தார். அதற்குள் சமையல் கட்டிலிருந்து ஒருத்தர் வந்து மைக்கில் சொன்னார்: "சூரியன் எறங்குது. எல்லாரும் ஜல்தியா பந்திக்கு வாங்க."

சொன்னதுதான் தாமதம், மண்டபம் காலியாயிற்று. இருட்டிவிட்டால் சாப்பிட முடியாதே! மேடையில் நானும் அவனும்தான் நின்றோம். அவன் பந்தைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து மூடினான். கிழிந்த பக்கம் தெரியாதபடி திருப்பி வைத்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டான்.

சொன்னேன்.

"ஒரு அஞ்சு நிமிசம் எனக்குக் குடுத்திருக்கக் கூடாதா சக்ரா? அவரு மன்னிச்சேன்னு சொல்ற வரைக்கும். அப்பால நீ இன்னா வோணா கிழிச்சிருக்கலாம்." அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "பாவியா இருந்தேன். பாவிக்கு ஒரு கணக்கு இருந்திச்சு. இவ்வளோ சுட்டா இவ்வளோ கழியும்னு நடந்தேன். இப்ப அதுவும் இல்ல. சும்மாவே நடந்திருக்கேன்."

ஆயுசில் முதல் தடவையாக எனக்குப் பேச வாய் வரவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் வாசலுக்கு ஓடி, டிக்கியைத் திறந்து, அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். பைத்தியக்காரி மாதிரி அவன் காலடியில் குனிந்து உட்கார்ந்தேன்.

"இங்க பாருண்ணா. இனிமே நீ சுட்டுக்க வோணாம். தோல் இல்ல இது, சுத்த ரெக்சின். போட்டுக்கோ."

அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வலது காலை நீட்டினான். விரல் இருந்த இடம் வழுவழுவென்று மூடிக் கிடந்தது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மாட்ட வேண்டிய வாரை நான் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எந்த வெரல்ல மாட்றது?" என்றான்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான், நான் ஏதாவது வழி வைத்திருப்பேன் என்று. நான் செருப்பைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டேன். அவன் காலை இழுத்துக்கொண்டான். புதுச் சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டான்.

"போ சக்ரா. போயி சாப்புடு. பொழுது போவுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். வாசலில் நூறு ஜோடி செருப்பு குவிந்து கிடந்தது. மிதிக்காமல் விலக்கி விலக்கி நடந்து ரோட்டுக்குப் போனான். வெயில் அடங்கியும் தார் சூடாகத்தான் இருந்திருக்கும்.

நான் உள்ளே போனேன். கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அக்ஷய் என்னைப் பார்த்ததும், "ஆன்ட்டி, சூப்பர்! நீங்க கிழிச்சது வேற லெவல்" என்று சொல்லி ஓர் இலையைக் காட்டினான். உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்கு யாரோ சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அது போவதற்குள் நான் சாப்பிட்டு முடித்தேன்.